கொலுவுக்கு ஓடிய மின்சார ரயில்

எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு மின்சார ரயில் ஓடுகிறது. தண்டவாளம் உண்டு, மேலே கம்பி உண்டு, கம்பியைத் தாங்கக் கம்பங்கள் உண்டு. எஞ்சினின் தலையிலிருந்து எழும்பி அந்தக் கம்பியை உரசிக்கொண்டே போகிற சட்டமும் உண்டு. ரயில்காரர்கள் அதைப் பேண்டோ என்பார்கள். எல்லாமே பொம்மை அளவு. அத்தனையும் செய்தது நான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐம்பது வயதைத் தாண்ட வேண்டியிருந்தது என்றால், எவ்வளவு வெட்கப்பட்டிருப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்களுக்கு இந்த வெட்கம் கிடையாது. ஐம்பது வயதில் ஓர் ஆண் மீன்தொட்டி வைத்தால் ரசனை என்பார்கள், பழைய ரேடியோக்களைச் சேர்த்தால் சேகரிப்பு என்பார்கள். கல்யாண வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு ஒருத்தி தரையில் குப்புறப் படுத்து பொம்மை ரயிலுக்குக் கம்பி இழுத்தால் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரை யாரும் வைப்பதற்கு முன்னால் நானே எனக்கு வைத்துக்கொண்டேன்.

பைத்தியம் பிடித்தது வேலைக்குப் போகிற வழியில். திருப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கோயம்புத்தூரிலிருந்து தினமும் ரயில். பெண்கள் பெட்டியில் ஆளுக்கொரு வேலை இருக்கும். ஒருத்தி கீரை ஆய்வாள், ஒருத்தி செல்லில் சீரியல் பார்ப்பாள். நான் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து மேலே பார்த்துக்கொண்டு வருவேன். அந்த மின்கம்பி தண்டவாளத்துக்கு நேர் மேலே போவதில்லை. கொஞ்சம் இடப்பக்கம் விலகி, அடுத்த கம்பத்தில் கொஞ்சம் வலப்பக்கம் விலகி, கோணலாகத்தான் போகும். நேராகப் போட்டால் பேண்டோவில் ஒரே இடத்தில் உரசி உரசிப் பள்ளம் விழுந்துவிடும். கோணலாகப் போட்டால் தேய்மானம் பரவலாகும். இது தெரிந்த நாளில் எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் எனக்குக் காய்ச்சலா என்று கேட்டாள்.

எஞ்சினும் தண்டவாளமும் பார்சலில் வந்தன. மேல் கம்பி வேலை முழுக்க என் கையால் ஆனது. சைக்கிள் கடையிலிருந்து பழைய ஸ்போக்ஸ் வாங்கி வந்து கம்பங்களாக வெட்டினேன். மெல்லிய செம்புக் கம்பியை இழுத்துக் கட்டிப் பற்றவைத்தேன். ஆய்வகத்தில் பிள்ளைகள் அறுத்துப் போடுகிற வயரையெல்லாம் ஒட்டிக் கொடுக்கிறவள் என்பதால் ஈயம் வைப்பது எனக்குக் கைவந்த வேலை. ஆனாலும் கம்பி தொய்யாமலும் வேண்டும், கம்பத்தைச் சாய்க்காமலும் வேண்டும். ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் பிடுங்கிக்கொள்ளும். கொஞ்ச தூரம் போடவே ஒரு கோடை விடுமுறை சரியாகிவிடும். பொம்மைதானே, கம்பி சும்மா அழகுக்கு இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம்தான். எனக்கு அது ஆகாது. மேல் கம்பியில் மெய்யாகவே மின்சாரம் வந்து, அதை எடுத்துத்தான் என் எஞ்சின் ஓட வேண்டும். அப்படித்தான் ஓடியது.

காந்திபுரத்தில் சாமான் வாங்கும் கடையில் முதல் நாளே, பையனுக்கு ஸ்கூல் புராஜெக்டா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு மகனே கிடையாது. அதற்குப் பிறகு எப்போது போனாலும் பையன் எப்படிப் படிக்கிறான் என்று விசாரிப்பார்கள். நானும் நன்றாகப் படிக்கிறான் என்பேன். இல்லாத அந்தப் பிள்ளை வருஷக்கணக்காக எட்டாம் வகுப்பிலேயே கிடந்தான்.

வீட்டில் இதற்கு ஒரு மறைப்பு கிடைத்தது. நாங்கள் தெலுங்குக்காரர்கள், வீட்டில் பேசுகிற தெலுங்கில் பாதி தமிழாகி, முக்கியமான எதையும் தமிழில்தான் சொல்லிக்கொள்வோம். ஆனால் நவராத்திரிக் கொலுவை மட்டும் விட்டதில்லை. கொலுப் படிகளுக்குப் பக்கத்தில் பூங்கா, தெப்பக்குளம், கிரிக்கெட் மைதானம் என்று எதையாவது அமைப்பது எல்லோர் வீட்டிலும் உண்டு. அங்கே ரயில் ஓடினால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? அந்த ஒன்பது நாளுக்கு என் பலகைகளை மாடியிலிருந்து இறக்கிக் கூடத்தில் பொருத்தினேன். மற்ற நாட்களில் அது மாடி அறையில் பழைய புடவைகளுக்கு அடியில் கிடக்கும்.

முதல் வருடம் வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி கம்பங்களைப் பார்த்து வாயைப் பிளந்து, இதெல்லாம் யார் செய்தது என்று கேட்டாள். என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது: "எங்க ஊட்டுக்காரருதானுங்க."

என் கணவர் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறவர். பல்பு மாற்றவும் ஆளைக் கூப்பிடுவார். அவர் என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நல்ல மனிதர், காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் அந்தப் பாராட்டு அவருக்குப் பழகியும் போய்விட்டது. இந்த வருடம் ரயில் இல்லையா என்று யாராவது கேட்டால், வேலை கொஞ்சம் பாக்கி இருக்குதுங்க என்று சோம்பல் முறித்துக்கொண்டே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவரை எப்படித் திட்ட முடியும்? கொடுத்தவள் நான்தானே.

போன நவராத்திரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த பையனின் பெற்றோர். பாக்கு மண்டி வைத்திருக்கிறார்கள். பையனுக்குப் பெங்களூரில் வேலை. பெண் பார்க்க வருகிறோம் என்று முறையாக வந்து, பிறகு வேண்டாம் என்றால் இரண்டு வீட்டுக்கும் சங்கடம். கொலுவுக்கு வருகிறோம் என்று வந்தால் அந்தச் சிக்கல் இல்லை. பிடிக்கவில்லையென்றால் சுண்டல் சாப்பிட்டுப் போனதாக முடிந்துவிடும்.

மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. முன்னால் வந்த வரன்களுக்கெல்லாம் உங்கள் இஷ்டம் என்று தலையை நிமிர்த்தாமல் சொன்னவள், இவன் கூப்பிட்டால் செல்லோடு மாடிக்குப் போனாள். இறங்கி வரும்போது முகமே வேறாக இருக்கும். ஜாதகமும் சேர்ந்துவிட்டது. பையனின் அம்மா வாயிலிருந்து ஒரு சரி வர வேண்டியதுதான் பாக்கி. அந்தம்மாள் பழைய பழக்கம் பார்க்கிறவர் என்று தரகர் சொல்லியிருந்தார்.

அவர்கள் காரை விட்டு இறங்கியதும் முதலில் பார்த்தது போர்ட்டிகோவில் நின்ற மோட்டார் சைக்கிளை. பெரிய வண்டி. என் மகள் தன் சம்பளத்தில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிளம்பிக் கோத்தகிரி வரை ஏறிவிட்டு, இட்லி ஆறுவதற்குள் வந்துவிடுவாள். ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது. அதன் வாரில் அவளுடைய தலைக் கிளிப் ஒன்று மாட்டியிருந்தது.

பெரிய வண்டியாக நிற்கிறதே, யாருடையது என்று அந்தம்மாள் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பதில் சொல்லிவிட்டாள்.

"அப்பாவோடதுங்க."

என் கணவர் வேஷ்டியும் மூக்குக்கண்ணாடியுமாக நின்றுகொண்டிருந்தார். அவர் ஓட்டுவது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதையும் வேகத்தடை வந்தால் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு ஓட்டுவார். அவர் மெதுவாகத் தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காகவும் பிறகு வெட்கப்பட்டேன்.

உள்ளே வந்ததும் அந்தம்மாள் கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடினார். நல்ல குரல். அவர் கணவருக்கோ கண்ணெல்லாம் ரயில்மேல்தான் இருந்தது. எங்கள் ஊருக்கும் இப்போது கரண்டு எஞ்சின்தான் வருகிறது என்று சொல்லிக்கொண்டே குனிந்து கம்பம் கம்பமாகப் பார்த்தார். இது யார் செய்தது என்று வழக்கமான கேள்வி வந்தது. பழக்க தோஷத்தில் நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர்கள் வந்த கொஞ்ச நேரத்துக்குள் என் கணவர் ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு ரயிலுக்கும் சொந்தக்காரராகிவிட்டார்.

அந்த மனிதர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். "ஏனுங்க, இந்தக் கம்பி ஏன் நேரா இல்லாம கோணலா போகுது?"

நான் சுண்டல் தட்டோடு சமையலறை வாசலில் நின்றேன். என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"அது கொஞ்சம் கை தவறிப்போச்சுங்க. அடுத்த வருசம் நேராக்கிப்போடலாம்."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நான் அளந்து அளந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோணலாக்கிய கம்பி அது. யாராவது ஒருவர் அதைக் கேட்க மாட்டாரா என்று எத்தனையோ வருடமாகக் காத்திருந்தேன். கேட்கிறவர் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து கேட்டுவிட்டார். நான் தட்டை நீட்டி, சுண்டல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்தம்மாள் அம்மனுக்கென்று நிறைய மல்லிகைப் பூ கொண்டுவந்திருந்தார். படிகளுக்குச் சாத்தியது போக ஒரு முழத்துக்கு மேல் மிச்சமிருந்தது. ரயிலைப் பார்த்தார். இதுவும் கொலுவில் ஒன்றுதானே, பூ இல்லாமல் மொட்டையாக நிற்கிறதே என்று வாஞ்சையாகச் சொல்லிக்கொண்டு, அந்தச் சரத்தை என் மேல் கம்பியில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிட்டு, இரண்டு முனையிலும் நாரால் முடிச்சும் போட்டுவிட்டார். மனதார வைத்த பூ. குற்றம் சொல்ல முடியாது.

அதை எடுங்கள் என்று சொல்ல வேண்டும். பேண்டோ அந்த நாரில் மாட்டினால் கம்பியே போய்விடும். ஆனால் ரயில் என்னுடையது இல்லையே. உரிமையோடு சொல்ல வேண்டியவர் என் கணவர். நான் அவரைப் பார்த்தேன். கண்ணை உருட்டினேன். அவர் பூவைப் பார்த்துவிட்டு, இப்போதுதான் களையாக இருக்கிறது என்றார்.

கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன் என்றார் பையனின் அப்பா. என் கணவர் ரயிலுக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியின் திருகைப் பிடித்தார். நான் எப்போதும் மயிரிழை மயிரிழையாகத்தான் திருப்புவேன். அவர் மின்விசிறியைக் கூட்டுவதுபோல ஒரே திருப்பாகத் திருப்பினார். எஞ்சின் பாய்ந்தது. பேண்டோ நாரில் மாட்டியது. எஞ்சின் நிற்கவில்லை; பூவை இழுத்தது, பூ கம்பியை இழுத்தது, கம்பி கம்பங்களை இழுத்தது. ஒவ்வொன்றாக டப் டப்பென்று ஈயம் விட்டுப்போய்ச் சாய்ந்தன. கடைசியில் எஞ்சின் மல்லிகைச் சரத்தைச் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் அமைத்திருந்த பொம்மைத் தெப்பக்குளத்தில் கவிழ்ந்தது. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

அந்தம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கைகூப்பி என் கணவரிடம்தான் மன்னிப்புக் கேட்டார்.

"தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க. எத்தன மாசத்து வேலையோ, உங்க மனசு என்ன பாடுபடும்."

அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒட்டிக்கொள்ளலாம் என்று என் கணவர் அவரைச் சமாதானப்படுத்தினார். துக்கம் கேட்கிறவர் ஒருவர், ஆறுதல் சொல்கிறவர் ஒருவர். இழவு விழுந்த நான் கையில் பிளக்கோடு நின்றேன். என்னைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்கு எந்தக் காரணத்தையும் நான் கொடுத்திருக்கவில்லை.

காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனேன். மகள் பின்னாலேயே வந்து பாலை அடுப்பில் வைத்தாள். என் கோபம் போக்கிடம் இல்லாமல் அவள் பக்கம் திரும்பியது. வண்டி உன்னுடையது என்று சொல்ல என்ன கூச்சம், உன் சம்பளத்தில் வாங்கியதுதானே என்று கேட்டேன்.

அவள் பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவருக்குத் தெரியும்மா. அவங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னாரு. பரவால்லீங்க. கல்யாணத்துக்கப்புறம் நானும் உங்களாட்ட வருசத்துல ஒம்பது நாள் ஓட்டிக்கறேன்."

குத்திக் காட்டுகிற குரலே இல்லை. பெண்கள் வாழ்கிற வழி இதுதான் என்று எங்கோ படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அது எங்கே படித்தது? இந்த வீட்டில்தான். புடவையைப் போட்டு மூடுகிறபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். கடையில் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றி நான் அளந்து விடும்போது பக்கத்தில் நின்று சிரித்தவள் அவள். என் வெட்கம் என்னோடு போகிறது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சேலை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பால் பொங்கியது, அவளே இறக்கினாள்.

காப்பியைக் கொடுத்துவிட்டு, மாடிக்குப் போய் என் ஈயப் பெட்டியை எடுத்து வந்தேன். கூடத்தில், விருந்தாளிகளுக்கு முன்னால், பட்டுப்புடவையை முழங்காலுக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பற்றவைக்கும் கோலைச் சூடேற்றி, சாய்ந்த முதல் கம்பத்தை நிமிர்த்தினேன்.

உங்களுக்கு இந்த வேலை வருமா என்று அந்தம்மாள் கேட்டார்.

"இது நான் பண்ணினதுங்க," என்றேன். "அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கம்பி கோணலா இருக்கறது கை தவறினதில்லீங்க. அது அப்படித்தான் இருக்கோணும்."

காது மடல் வரை சூடாகிவிட்டது. எதையோ திருடிப் பிடிபட்டதுபோல இருந்தது. என் கணவர் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். பையனின் அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோணல் ஏன் என்று மறுபடியும் கேட்டார். சொன்னேன். வார்த்தை முட்டி மோதிக்கொண்டு வந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்தம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். கேலி இல்லை. நிஜமாகவே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. எத்தனை வருடம் எத்தனை பேரிடம் ஒளிந்தேனோ, அதற்கு வந்த தண்டனை ஒரு சிரிப்பு. அது எனக்கு அவமானத்தை இன்னும் கூட்டத்தான் செய்தது.

பிறகு அவர் அந்தச் சிரிப்பு மாறாமலே என் மகள் பக்கம் திரும்பினார்.

"அப்ப வெளிய நிக்கற வண்டியாவது உங்கப்பாவோடதுங்களா அம்மணி?"

அவர் ஹெல்மெட்டில் இருந்த கிளிப்பைப் பார்த்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. நான் கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு மகளைப் பார்த்தேன். சொல்லிவிடு கண்ணு என்று வாய்க்குள் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், அந்தம்மாளைப் பார்த்தாள், அழகாகப் புன்னகை செய்தாள்.

"அப்பாவோடதுதானுங்க."

அந்தம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. தாம்பூலம் வாங்கிக்கொண்டு போகும்போது, எங்களுக்கு முழுச் சம்மதம் என்று அவரே சொல்லி, என் மகளின் தலையில் பூ வைத்துவிட்டுப் போனார். கார் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் மூவரும் வாசலில் கைகூப்பி நின்றோம். என் கணவர் சந்தோஷத்தில் யார் யாருக்கோ போன் செய்யத் தொடங்கினார்.

சாயங்காலம் நான் தரையில் உட்கார்ந்து கம்பி இழுத்தேன். மகள் எதிரில் உட்கார்ந்து கம்பங்களைப் பிடித்துக்கொடுத்தாள். கல்யாணம் நிச்சயமான பெண்ணிடம் கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். நான் சொன்ன பிறகாவது நீ சொல்லியிருக்கலாமே என்றேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கம்பம் ஆடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கே அதச் சொல்ல இத்தன வருசமாச்சில்லீங்கம்மா. என்னை மட்டும் ஒரே மத்தியானத்துல சொல்லச் சொன்னா எப்படி?"

நான் அவள் பிடித்திருந்த கம்பத்தின் அடியில் ஈயம் வைத்தேன். அந்த இத்தனை வருடத்தையும் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தவள் அவள்.